பாதி உரத்துக் கோதுமை

மே மாதம் பிறந்து பத்து நாளுக்குள் ஜெரார்தாவின் கார்க் கண்ணாடியை இரண்டு தடவை உடைத்துவிட்டார்கள். முதல் தடவை அஸ்கோலி கடைத்தெருவில், அவள் காபி குடித்துவிட்டு வரும் ஐந்து நிமிடத்துக்குள். இரண்டாவது தடவை வயல் ஓரத்திலேயே. அரைச் செங்கல் ஒன்று ஓட்டுநர் இருக்கையில் கிடந்தது. அதன் மேல் சிவப்புச் சாயத்தில் ‘விஷக்காரி’ என்று எழுதியிருந்தது. அவள் செங்கல்லை எடுத்து வரப்பில் வீசிவிட்டு, இருக்கையில் இருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு, கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். அன்றைக்கு இலை அளந்தே ஆகவேண்டிய நாள். தள்ளிப்போட்டால் அந்தப் பருவம் திரும்பக் கிடைக்காது.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. இத்தாலியின் ஃபோஜா நகரத்தில் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பதினான்கு வருஷமாக ஒரே வேலை. கோதுமை இலைக்குள் ஒரு நொதி இருக்கிறது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துப் பயிருக்குச் சாப்பாடாக்குவது அதுதான். வேலையில் மகா மந்தம். மந்தமாக இருப்பதால் பயிர் அதை மூட்டை மூட்டையாகச் செய்து வைத்துக்கொள்கிறது. இலைக்குப் போகும் தழைச்சத்தில் கால்வாசியை இந்த ஒரு சோம்பேறியே தின்றுவிடுகிறது. அதற்காகத்தான் விவசாயி யூரியாவைக் கொட்டுகிறான், கொட்டியதில் பாதி மழையில் கரைந்து கரபெல்லே ஆற்றுக்குப் போகிறது. ஜெரார்தாவும் அவள் கூட்டாளிகளும் அந்த நொதிக்கான மரபணுவில் மூன்று எழுத்துகளை மாற்றியிருந்தார்கள். நொதி வேகமாக ஓடினால் பயிருக்கு அது குறைவாகப் போதும், மிச்சமாகும் தழைச்சத்து கதிருக்குப் போகும், பாதி உரத்திலேயே முழு விளைச்சல் வரும். இது கணக்கு. கண்ணாடிக் கூடத்துக்குள் அந்தக் கணக்கு சரியாக வந்தது. மண்ணில் வருமா என்று பார்க்கத்தான் இந்த இருபத்துநான்கு பாத்திகள்.

நிலம் பொதித்தோவுடையது. அறுபத்துமூன்று வயது, ஒண்டிக்கட்டை, வாய்த் துடுக்கு. நிலையத்துக்கு அரை ஏக்கரைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி சவீனோவின் வயல். அப்பா செத்த பிறகு நடுவில் கயிறு பிடித்துப் பிரித்த நிலம். அண்ணன் யூரியா போடுகிறவர். தம்பி ஒன்பது வருஷமாக இயற்கை விவசாயம், அதற்கான சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். அவன் கோதுமை முழுவதையும் ஜெர்மனியில் ஒரு பாஸ்தா கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் கடைசியில் அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பக்கத்து நிலத்தில் மரபணு திருத்திய கோதுமை வளர்வதாகத் தெரிகிறது, ஆகவே இந்த வருஷம் உங்கள் கோதுமை வேண்டாம். நான்கே வரி.

சவீனோ கடிதத்தோடு வேலிக்கு வந்து நின்றான். ஜெரார்தா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள்.

“சவீனோ அண்ணே, கோதுமை தன் பூவுக்குள்ளயே சூல் பிடிச்சிரும். மகரந்தம் பத்தடிகூடப் போகாது. நாங்க அதுக்கு மேலயே இடம் விட்டிருக்கோம்.”

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க டாக்டரம்மா? ஜெர்மன்காரன்கிட்ட சொல்லுங்க. அவன் பூவையா பாக்குறான்? பேப்பரத்தான பாக்குறான்.”

“நான் அவங்களுக்கு எழுதறேன்.”

“நீங்க எழுதி, அவன் படிச்சு, அதுக்குள்ள என் கோதுமை புழுத்துப் போயிரும்.”

பொதித்தோ மரநிழலில் ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தார். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். “உன் வயல்ல கோதுமை எங்கடா இருக்கு? நான் பாத்த வரைக்கும் புல்லுதான் இருக்கு. ஜெர்மன்காரனுக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிருக்கு.”

சவீனோ வேலிக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான். அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி வேலிக் கம்பத்தில் மோதினான். முள்கம்பியில் பொதித்தோவின் காது கிழிந்து தொங்கியது. ரத்தம் கழுத்து வழியே ஓட, அவர் கையிலிருந்த வெங்காயக் கத்தியை வீசினார், தம்பியின் முழங்கையில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. ஜெரார்தா இருவருக்கும் நடுவே பெட்டியோடு விழுந்து பிரித்துவிட்டாள். அவள் பல்லில் யாருடைய முழங்கையோ பட்டது. ஒரு வாரத்துக்கு ரொட்டியை வலது பக்கமே மெல்ல வேண்டியிருந்தது.

அதற்கு நான்காம் நாள் சவீனோவின் ஆடு காக்கும் நாய் வேலிக்கு அடியில் நுழைந்து பாத்திகளுக்குள் வந்தது. வெள்ளை வெளேரென்ற பெரிய நாய், வாலை ஆட்டிக்கொண்டு ஜெரார்தாவிடம்தான் வந்தது. அவள் அதைத் தட்டிக்கொடுக்கக் கை நீட்டிய நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. நாய் பக்கவாட்டில் சுருண்டு, எழுந்து, இரண்டு அடி நடந்து, பன்னிரண்டாம் பாத்தியில் விழுந்தது. பொதித்தோ இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார்.

“என்ன அண்ணே இது!” என்று கத்தினாள்.

“வேலிக்குள்ள எதுவும் வரக்கூடாதுன்னு நீதான சொன்ன? ரூலு ரூலுதான்.”

அவர் நாயைக் காலைப் பிடித்து இழுத்துப்போய் வேலிக்கு மேலே தூக்கித் தம்பியின் வயலுக்குள் போட்டார். போலீசுக்குச் சொல்லவேண்டும் என்று ஜெரார்தாவுக்குத் தோன்றியது. சொன்னால் பொதித்தோ கோபித்துக்கொண்டு குத்தகையை முறிப்பார். கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு வாரம் போனால் அறுவடை. அவள் சொல்லவில்லை. நாய் விழுந்து நசுங்கிய செடிகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

மே பதினைந்தாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரம். ஊரில் ஜன்னல்களெல்லாம் மூடியிருந்தன. ஜெரார்தா பதினேழாம் பாத்தியில் குந்தி, கதிருக்குக் கீழே இருக்கும் கடைசி இலையான கண்ணாடி இலையைக் கருவியின் கவ்விக்குள் வைத்து, இலை கரியமில வாயுவைப் பிடிக்கும் வேகத்தைக் காட்டும் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பாதி உரம் போட்ட பாத்தி. ஆனால் எண் முழு உரப் பாத்தியின் எண்ணோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறியது. காலையிலிருந்து ஆறாவது இலை, ஆறிலும் அப்படியே. அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

டிராக்டர் சத்தம் கேட்டபோது அவள் தலையைத் தூக்கவில்லை. கம்பி அறுந்து ‘டங்’ என்று தெறித்த பிறகுதான் எழுந்தாள்.

சவீனோ வேலியைக் கம்பத்தோடு சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். பின்னால் சட்டிக் கலப்பை இறங்கியிருந்தது. இரும்புச் சட்டிகள் முதல் பாத்தியை நறுக்கின. பச்சைக் கதிர்கள் மண்ணுக்குள் போய், மறுபுறம் கிழிந்த நாராக வெளியே வந்தன. அவன் பாத்திகளை நெடுக உழுதுகொண்டு போய், வளைத்து, தன் வயலுக்குள் இறங்கித் திருப்பி, மறுபடி வந்தான். ஒவ்வொரு தடவையும் தன் நிலத்தில்தான் திருப்பினான். சட்டிகளில் மாட்டிய செடிகள் கொத்துக் கொத்தாக அங்கே போய் உதிர்ந்தன.

ஜெரார்தா குறுக்கே ஓடி இரண்டு கையையும் விரித்து நின்றாள். “நிறுத்துங்க! சவீனோ அண்ணே! நிறுத்துங்க!”

“தள்ளிப் போயிரு டாக்டரம்மா! உன்ன ஏத்தணும்னு எனக்கில்ல!”

“இன்னும் ஒரு மாசம்தான்! ஒரே மாசம்!”

“என் ஒம்பது வருஷத்த நாலு வரியில அடிச்சுட்டான்! உனக்கு ஒரு மாசம் வேணுமா?”

டிராக்டர் நிற்கவில்லை. முன்சக்கரம் அவள் மார்பளவு உயரத்தில் வந்தது. கடைசி நொடியில் அவள் பக்கத்தில் பாய்ந்து விழுந்தாள். அவளுடைய கருவி, ஒன்பது மாதம் கெஞ்சி வாங்கிய கருவி, சக்கரத்துக்கு அடியில் போய்த் தகரம் நசுங்குவதுபோல நசுங்கியது.

பொதித்தோ வீட்டிலிருந்து வாயில் மென்றுகொண்டிருந்ததோடு ஓடிவந்தார். துப்பாக்கியைத் தோளில் வைத்தார். முதல் குண்டு டிராக்டரின் முன்கண்ணாடியை நொறுக்கியது. சவீனோவின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பின்கியரைப் போட்டான். பொதித்தோ அதற்குள் பின்பக்கம் சுற்றி வந்து இரண்டாவது குண்டுக்குக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். புதிதாகக் கிளறிய மண்ணில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். சட்டிக் கலப்பை அவர் வலது காலின் மேல் ஏறியது.

அப்படியோர் அலறலை ஜெரார்தா அதற்கு முன்பு மனிதக் குரலில் கேட்டதில்லை.

எஞ்சின் நின்றது. சவீனோ கீழே குதித்தான். “அண்ணே! ஐயோ அண்ணே!” என்று கத்திக்கொண்டு ஓடினான். பொதித்தோவின் முழங்காலுக்குக் கீழே துணியும் தோலும் ஒன்றாகக் கிழிந்து, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சவீனோ பக்கத்தில் மண்டியிட்டு, தன் இடுப்பிலிருந்து தோல் பெல்ட்டை உருவினான்.

ஜெரார்தா எழுந்து நின்றாள். காலடியில் சோதனைக்கு மண் எடுக்கும் இரும்புக் கோல் கிடந்தது, ஒரு மீட்டர் நீளம், நான்கு கிலோ கனம். அதை எடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். இருபத்துநான்கு பாத்திகளில் ஓரத்து நான்கு மட்டும் நின்றன. மற்றதெல்லாம் கருத்த மண். பதினேழாம் பாத்தி இருந்த இடம்கூடத் தெரியவில்லை. ஆறு இலை அளந்தோமே என்று நினைத்தாள். சவீனோவின் முதுகு அவளுக்கு நேராக இருந்தது. அவன் கையில் பெல்ட் இருந்தது, அண்ணனின் தொடையைச் சுற்றி அதைக் கட்டிக்கொண்டிருந்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் கோலை இரண்டு கையாலும் ஓங்கி, அவன் தலையின் இடது பக்கத்தில் அடித்தாள்.

பச்சைப் பூசணி உடைவதுபோலச் சத்தம் வந்தது. சவீனோ அண்ணன் மேலேயே குப்புற விழுந்தான். அவன் காதிலிருந்து ரத்தம் பொங்கி வந்து பொதித்தோவின் சட்டையை நனைத்தது. அவள் மறுபடி கோலை ஓங்கினாள். மேலே தூக்கிய கை அப்படியே நின்றது. பெல்ட் பாதி முடிச்சில் அவிழ்ந்து தளர்ந்துகொண்டிருந்தது, பொதித்தோவின் காலிலிருந்து ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. அவள் கோலைப் போட்டுவிட்டு, சவீனோவைப் புரட்டித் தள்ளிவிட்டு, அவன் விட்ட முடிச்சைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

அவள் போனில் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்து, மறு கையால் சவீனோவின் தலையில் தன் சட்டையைச் சுற்றி அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொதித்தோ நடுவில் கண் விழித்து அவள் மணிக்கட்டைப் பற்றினார்.

“டாக்டரம்மா. அவன் உன்னக் கொல்ல வந்தான். நீ தடுத்த. அவ்வளவுதான். வேற எதுவும் பேசாத.”

“அவர் உங்க காலக் கட்டிட்டிருந்தாரு, அண்ணே.”

“எனக்குத் தெரியல. நான் பாக்கல. நீயும் பாக்கல.”

ஃபோஜா ஆஸ்பத்திரியில் பொதித்தோவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சவீனோவுக்கு மண்டை ஓட்டில் விரிசல், மூன்று நாள் நினைவில்லை. அஸ்கோலி போலீஸ் நிலையத்தில் ஜெரார்தாவின் வாக்குமூலத்தை எழுதியவர் வயதான அதிகாரி. அவள், பொதித்தோ நாயைச் சுட்டதிலிருந்து ஆரம்பித்தாள், தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னாள். கோலை எடுத்த இடம் வந்ததும் அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

“அவன் திரும்பி உங்க மேல பாய வந்தானா?”

“இல்ல.”

“வந்திருப்பான்னு பயந்தீங்களா?”

“இல்ல. பயமே இல்ல. கோவம்தான்.”

“அம்மா, இதை நான் அடிச்சேன்னா கேஸ் உங்க மேல திரும்பிரும். ஒரு தடவ யோசிங்க. தண்ணி குடிங்க.”

“அடிங்க சார்.”

ரோமில் இருக்கும் அமைச்சகத்திலிருந்து நான்காம் நாள் உத்தரவு வந்தது. வேலி உடைந்துவிட்டதால் அனுமதி ரத்து. மிச்சமிருக்கும் செடிகள் அத்தனையையும் எரிக்கவேண்டும். வேலிக்கு வெளியே ஏதாவது போயிருந்தால் அதையும் பொறுக்கி எண்ணிக் கணக்குக் காட்டவேண்டும். வெளியே போன இடத்தில் அதற்குப் பிறகும் ஒரு செடி கண்டெடுக்கப்பட்டாலும் அந்த நிலம் மூன்று வருஷத்துக்கு இயற்கை விவசாயச் சான்று பெறமுடியாது. அதிகாரிகள் அடுத்த திங்கள்கிழமை நேரில் வருவார்கள்.

ஜெரார்தா உத்தரவை இரண்டு தடவை படித்தாள். மகரந்தம் தாண்டாத வேலியை, சவீனோவின் கலப்பையில் மாட்டி அவள் கோதுமை தாண்டியிருந்தது. அவன் டிராக்டர் திருப்பிய இடமெல்லாம் அவள் கோதுமைதான் உதிர்ந்து கிடந்தது. பச்சைக் கதிர், முளைக்காது. ஆனால் ஜெர்மன்காரனைப் போலவே ரோம்காரனும் பேப்பரைத்தான் பார்ப்பான்.

மறுநாள் காலை ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு சவீனோவின் வயலுக்குள் இறங்கி மண்டியிட்டாள். அவனுடைய கோதுமைக்கு நடுவே குனிந்து, மண்ணைக் கையால் அளைந்து, கிழிந்த தாள், கதிர், இலை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். கால்மணி நேரத்தில் சவீனோவின் மனைவி அர்க்காஞ்செலா வீட்டிலிருந்து ஓடிவந்தாள். நெட்டையான பெண், கறுப்புச் சட்டை, தலை வாரவில்லை.

“ஏய்! என் புருஷன் மண்டைய உடைச்சிட்டு என் வயல்லயே கால வச்சிருக்கியா? வெளிய போடீ!”

“அக்கா, ரெண்டு நாள் குடுங்க. பொறுக்கிட்டுப் போயிடறேன்.”

முதல் மண்கட்டி அவள் தோளில் விழுந்து உடைந்தது. இரண்டாவது முதுகில். ஜெரார்தா குனிந்தபடி நகர்ந்தாள். அர்க்காஞ்செலா பின்னாலேயே வந்தாள். வெயிலில் காய்ந்த களிமண், கல்லைப் போலக் கனத்தது. எறிந்து எறிந்து அவளுக்கே மூச்சு வாங்கியது. நிறுத்துவாள், திட்டுவாள், மறுபடி எறிவாள். மதியம் உண்மையிலேயே கல் ஒன்று வந்து ஜெரார்தாவின் புருவத்துக்கு மேல் பட்டுத் தோலைப் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவள் கழுத்துத் துணியை அவிழ்த்து நெற்றியில் கட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

“உனக்கு வலிக்கவே வலிக்காதா, பேயி?”

“வலிக்குது.”

“அப்புறம் ஏன் போகமாட்டேங்கற?”

“இங்க என் செடி ஒண்ணு கிடந்தாலும் உங்க சான்று மூணு வருஷத்துக்குப் போயிரும்க்கா. திங்கக்கிழம வந்து பாப்பாங்க.”

அர்க்காஞ்செலா நின்றாள். கையில் இருந்த மண்கட்டி அப்படியே இருந்தது. “பொய் சொல்ற.”

“உத்தரவு என் கார்ல இருக்கு. எடுத்துப் படிங்க.”

அர்க்காஞ்செலா போனாள், கதவைத் திறந்து படித்தாள். திரும்பி வந்தவள் வயலின் மறுகோடிக்கு நடந்தாள். வெகு நேரம் குனிந்திருந்தாள். பிறகு ஒரு கத்தை கிழிந்த செடியோடு வந்து, அதால் ஜெரார்தாவின் முகத்திலேயே பளார் பளாரென்று இரண்டு அறை அறைந்தாள். கதிரின் சுணை காயத்தில் பட்டுத் தீயாக எரிந்தது.

“இந்தா. உன் சனியன். பொறுக்கித் தொலை.”

ஜெரார்தா கீழே விழுந்தவற்றை எடுத்துச் சாக்கில் போட்டாள். நான்கு நாள் இருவரும் அந்த வயலின் இரண்டு கோடிகளிலிருந்தும் பொறுக்கினார்கள். அர்க்காஞ்செலா நிரப்பிய சாக்குகளை வரப்பில் உதைத்துத் தள்ளிவிட்டுப் போவாள்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். டிராக்டர் திரும்பிய இடத்தில் பன்னிரண்டு மீட்டர் அகலத்துக்குச் சவீனோவின் கோதுமையை அறுத்து எரிக்கச் சொன்னார்கள். மற்ற இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. சான்று தப்பியது. நின்றிருந்த நான்கு பாத்திகளை ஜெரார்தாவே அறுத்தாள். அறுக்கும்போது பாதி உரப் பாத்தியிலிருந்து ஒரு கதிரை எடுத்து மணியை நகத்தால் அழுத்தினாள். வெள்ளைப் பால் வந்தது. இன்னும் மூன்று வாரம் நின்றிருந்தால் எடை போட்டுப் பார்த்திருக்கலாம். குவியலில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள். பச்சைச் செடி எரியாமல் வெகு நேரம் புகைந்தது, அவள் கழியால் கிளறிக் கிளறி எரியவைத்தாள்.

சவீனோவை அடித்த வழக்கு அடுத்த மார்ச்சில் வந்தது. நிலையம் அதற்கு முன்பே அவளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்து, விதைக் கிடங்கில் பதிவேடு எழுதப் போட்டிருந்தது. ஆறு இலை அளவுகளை வைத்துக் கட்டுரை எழுதமுடியாது. பொதித்தோ சாட்சி சொல்ல மரக்காலோடு வந்திருந்தார், அவளைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் திரும்பித் தரையில் துப்பினார். அவர் பார்வையில் அவள் காட்டிக்கொடுத்தவள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. சவீனோ அதன் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தான். இடது காதுக்கு மேலே முடி முளைக்காமல் பளபளவென்று ஒரு கோடு. ஜெரார்தா மறு முனையில் உட்கார்ந்தாள். அவன் திரும்பாமலே பேசினான்.

“ஒண்ணு கேக்கணும். நெசமா விளைஞ்சிருக்குமா? பாதி உரத்துல?”

“இலை ஆமான்னு சொல்லுச்சு. கதிர் என்ன சொல்லியிருக்கும்னு தெரியல.”

“என்ன? இந்தப் பக்கம் கேக்காது எனக்கு. சத்தமாச் சொல்லு.”

“தெரியலன்னேன்!”

தாழ்வாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சவீனோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உரமே போடாம நான் வெளைய வைக்கிறேன். பாதி வெளையும். பாதிதான். அதையும் கெடுத்தீங்க.” விரலால் தழும்பைத் தடவினான். “நானும் கெடுத்தேன்.”

உள்ளே இருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். ஜெரார்தா நகர்ந்து போய் அவன் தோளைத் தொட்டுக் கதவைக் காட்டினாள். அவன் அந்தக் கையை வெடுக்கென்று தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனான்.